மூன்றாம் லைனில் ஒரு ரசிகர்

"அது கட் ஆகல சார். அது மௌனம்" என்றார் டெலிபோன்காரர்.

மேனேஜர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, அதன் ஓட்டைகளை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு, மறுபடியும் காதில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் கேக்கலயே!"

"கேக்காது சார். அதான் மௌனம்."

"இன்னும் கேக்கல."

"பொறுங்க சார், இப்ப வரும் பாருங்க. முதல்ல டிரம்ஸ். அடுத்த ரூம்ல யாரோ விரலால மேஜையைத் தட்டற மாதிரி சின்னதா ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் கிடார் மாடிப்படி ஏறும் சார். ஒவ்வொரு படியா..."

மேனேஜர் ரிசீவரை டக்கென்று வைத்துவிட்டார்.

"ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்கற எனக்கே பொறுமை இல்ல. வாஷிங் மெஷின் தண்ணி ஹால் முழுக்க ஓடி, சோபா மேல கால தூக்கி வெச்சுக்கிட்டு போன் பண்றவனுக்கு எங்கேருந்து வரும்? லைன் கட்டாயிடுச்சுன்னு வெச்சுடறான். மறுபடி போன் பண்றான். மறுபடி அதே மௌனம். மறுபடி வைக்கிறான். நாலாவது தடவை அவன் பேசறது எதுவுமே மௌனமா இல்ல. அந்த இடத்தை வெட்டிடுங்க. இல்லன்னா பாட்டையே மாத்துங்க."

வெட்டுவதா! யாரோ தன் காதைப் பிடித்து வெட்ட வந்ததுபோல டெலிபோன்காரர் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தார்.

அந்த வாஷிங் மெஷின் சர்வீஸ் கம்பெனியில் டெலிபோன்கள், கம்ப்யூட்டர்கள், அவற்றை இணைக்கும் ஒயர்கள், அந்த ஒயர்களைக் கடிக்கும் எலிகள் எல்லாமே அவர் பொறுப்பு. முன்பெல்லாம் கம்பெனிக்குப் போன் செய்து காத்திருப்பவர்கள், பொம்மைக் கடையில் கேட்பது போன்ற ஒரு 'டிங் டிங்' சத்தத்தைத்தான் கேட்டாக வேண்டும். போன மாதம் புது எக்ஸ்சேஞ்ச் பெட்டி வந்தது. இதில் எந்தப் பாட்டை வேண்டுமானாலும் போடலாம் என்று அதைப் பொருத்தியவன் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனான். டெலிபோன்காரருக்குக் கை துறுதுறுவென்று ஆகிவிட்டது. மறுநாள் காலையிலேயே அந்தப் பாட்டு பெட்டிக்குள் ஏறிவிட்டது.

அந்தப் பாட்டு என்றால் லேசுப்பட்ட பாட்டு இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன்னால் உலகத்தையே ஆட்டிவைத்த ஒரு ராக் குழு பாடியது. தோள்வரை முடி வளர்த்த நாலு பேர். அவர்களுடைய மற்ற பாட்டுகளை ஆட்டோக்காரரிலிருந்து அமைச்சர் வரை எல்லோருக்கும் தெரியும். இது மட்டும் யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு தடவை, ஒரு சின்ன இசைத்தட்டின் பின்பக்கத்தில் வந்தது. நடுவில் வருகிற அந்த மௌனத்தின் பேரில்தான் பாடகருக்கும் கிடார்காரருக்கும் சண்டை மூண்டதாம். கோபத்தில் தட்டையே கடைகளிலிருந்து திரும்ப வாங்கிவிட்டார்கள். அப்படியும் கை தப்பிப்போன தட்டுகளில் ஒன்று, மூடப்போகும் ஒரு கடையின் அடி அலமாரியில் கிடந்து, டெலிபோன்காரரிடம் வந்து சேர்ந்தது. மனைவி அதற்கு அப்புறம்தான் வந்தாள். இந்த வரிசையை அவர் அவளுக்கு அவ்வப்போது நினைவூட்டுவதும் உண்டு.

அப்பேர்ப்பட்ட பொக்கிஷத்தை வீட்டில் சீண்ட ஆளில்லை என்பதுதான் அவருடைய தீராத குறை.

அவர் என்னவோ முயற்சியில் குறை வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தட்டைத் துடைத்து, ஊசியை வைத்து, எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைப்பார். "இப்ப கேளு, இது பேஸ் கிடார். தனியா வருது பாத்தியா? ஏன் தனியா வருது சொல்லு?" என்று ஆரம்பிப்பார். கேட்பவர் முகத்தில் போதிய வெளிச்சம் தெரியாவிட்டால் ஊசியை எடுத்து மறுபடி முதலிலிருந்து வைப்பார். மகள் "பரீட்சைக்குப் படிக்கணும்ப்பா" என்று எழுந்து போய்விடுவாள். அப்போது காலேஜ் லீவு. ஒரு தடவை மச்சான் வந்திருந்தபோது, பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்பே செருப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனவர், அடுத்த வருஷம்தான் திரும்பி வந்தார். மனைவி மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். பிறகு, "ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு சமையலறைக்குப் போய்விடுவாள்.

இந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை, தானாக விரும்பிக் கேட்கிற ஒரே ஒரு ஜீவனையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும். வாழ்க்கையில் அவருக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

அந்த ஆசைக்குத்தான் இப்போது உயிர் வந்திருந்தது.

உதிரி பாகம் வேண்டுமென்றால் மூன்றை அழுத்த வேண்டும். அந்த மூன்றாம் லைனை எடுக்கும் ஆள், மதியம் ஒரு மணி அடித்ததும் சாப்பிடப் போய்விடுவார். நன்றாக மென்று சாப்பிடும் ரகம். அவர் திரும்பி வரும்வரை மூன்றாம் லைனில் பாட்டு மட்டும்தான் ஓடும். விஷயம் தெரிந்தவர்கள் அந்த நேரத்தில் அந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

ஆனால் புதுப் பாட்டு போட்ட நாளிலிருந்து, தினமும் அதே நேரத்தில், டெலிபோன்காரரின் மேஜையில் மூன்றாம் லைன் விளக்கு எரிய ஆரம்பித்தது. ஒரே நம்பர். பாட்டு ஆரம்பிக்கும்போது எரியும். மௌனம் வரும். விளக்கு அசையாது! மற்ற கஸ்டமர்கள் எல்லாம் 'ஹலோ ஹலோ' என்று அலறிவிட்டு வைத்துவிடும் அந்த இடத்தில், இந்த விளக்கு நிமிர்ந்து நின்று எரியும். கிடாரின் கடைசி இழை தேய்ந்து அடங்கிய பிறகுதான் அணையும். உதிரி பாகம் எதுவும் கேட்காது.

முதல் தடவை அதைப் பார்த்தபோது டெலிபோன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். "எனக்கு ஒரு ரசிகர் கிடைச்சுட்டார்."

"உங்களுக்கா, பாட்டுக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான். தினமும் போன் பண்ணி முழுசா கேக்கறாரு. யாரோ பெரிய ஞானஸ்தரா இருக்கணும்."

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "யாரு பெத்த பிள்ளையோ, பாவம்" என்றாள்.

அதையெல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் டெலிபோன்காரர் இப்போது மேனேஜர் முன்னால் ஒரு சமாதானத் திட்டத்தை எடுத்து வைத்தார்.

"வெட்ட வேண்டாம் சார். மௌனம் வர்ற இடத்துல ஒரு குரல் போட்டுடறேன். 'லைன் துண்டிக்கப்படவில்லை, தயவுசெய்து காத்திருக்கவும்'னு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவேதான்."

எண்ணம் என்னவோ அவ்வளவுதான். ஆனால் மைக்கைப் பிடித்து அந்த ஒரு வரியைப் பேசி, போட்டுக் கேட்டபோது அவருக்கே மொட்டையாகப் பட்டது. காத்திருக்கவும் என்றால், எதற்குக் காத்திருப்பது? டிரம்ஸ் வரப்போகிறது என்று ஒரு வார்த்தை சேர்த்தார். டிரம்ஸ் என்றால் யார் வாசிப்பது என்று கேட்கமாட்டார்களா? அதையும் சேர்த்தார். சண்டையைச் சொல்லாமல் மௌனம் எப்படிப் புரியும்? சாயங்காலம் ஆபீஸ் காலியாகும்போது, மௌனம் நிரம்பி வழிந்து, அவருடைய பேச்சு பாட்டின் ஆரம்பம்வரை வந்து உட்கார்ந்திருந்தது. பாடகர்தான் இடையிடையே கொஞ்சம் பாடினார்.

"அந்த ரசிகருக்கும் உபயோகமா இருக்கும்" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். "பாவம், இவ்வளவு நாளா யாரும் எடுத்துச் சொல்லாமலே கேட்டுக்கிட்டிருக்காரு."

துணி மடித்த கை நின்றது. "வேண்டாங்க. பாட்டு பாட்டா இருக்கட்டுமே."

"உனக்கு ஏன் பொறாமை?"

அன்று அவள் மடித்த துணிகளில் அவருடைய சட்டை மட்டும் கோணலாக இருந்தது.

மறுநாள் ஒரு மணிக்கு மூன்றாம் லைன் விளக்கு எரிந்தது. டெலிபோன்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். 'வணக்கம், நீங்கள் இப்போது கேட்கப்போவது' என்று அவருடைய குரல் ஆரம்பித்ததுதான் தாமதம், விளக்கு அணைந்துவிட்டது.

அடுத்த நாளும் அப்படியே. எரிந்தது, அணைந்தது.

"லைன் கோளாறு" என்று முடிவு செய்தார். வேறு என்னவாக இருக்க முடியும்? பெட்டியைப் பிரித்தார். ஒயர்களை மாற்றினார். எலி மருந்து வைத்தார். குரல் சரியாகக் கேட்கவில்லையோ என்று அதைக் கொஞ்சம் சத்தமாகவும் ஆக்கினார். விளக்கு முன்னிலும் வேகமாக அணைந்தது.

அதற்குள் வேறு பக்கத்தில் தீ பிடித்துவிட்டது. புகார்ப் பிரிவின் சூப்பர்வைசர் அம்மா ஹெட்செட்டைக் கழுத்தில் மாட்டியபடியே அவர் மேஜைக்கு வந்து நின்றார்.

"கஸ்டமர்கிட்ட 'இப்ப வரும் பாருங்க'ன்னு சொன்னது யாரு?"

"நான்தான் மேடம். டிரம்ஸ் வரும்னு சொன்னேன்."

"அவங்க மெக்கானிக் வருவாருன்னு நெனச்சுக்கிட்டாங்க. ஆள்தான் பேசறாருன்னு நெனச்சு, மெஷின்ல என்ன ரிப்பேருன்னு உங்க பாட்டுக்கிட்டயே விவரமா சொல்லிட்டு வெச்சுடறாங்க. எங்களுக்குப் புகாரே வர்றதில்ல. ரெண்டு நாளா என் பொண்ணுங்க நகம் வெட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. இன்னிக்கு காலையில ஒரு அம்மா நேர்லயே வந்துட்டாங்க. 'அந்த சார் எவ்வளவு பொறுமையா கேட்டுக்கிட்டாரு, குறுக்க ஒரு வார்த்தை பேசல'ங்கறாங்க!"

"பொறுமையா கேட்டுக்கிட்டாருன்னாங்களா?" டெலிபோன்காரருக்கு அதிலும் கொஞ்சம் சந்தோஷம்தான்.

"சரி பண்ணுங்க!"

சரி பண்ணினார். 'நான் ஆள் இல்லை, பதிவு செய்யப்பட்ட குரல். பாட்டைப் பற்றி என்னோடு நேரில் பேச விரும்பும் அன்பர்கள் மட்டும் ஒன்பதை அழுத்தவும்' என்று ஆரம்பத்திலேயே சேர்த்தார். ஒன்பதாம் லைனைத் தன் மேஜைக்கு இழுத்துக்கொண்டார். லைன் கோளாறால் தவிக்கும் அந்த ரசிகர் எப்படியாவது ஒன்பதை அழுத்திவிடுவார் என்று ஒரு நப்பாசை.

ஆனால் ஆளோடு பேச வழி உண்டு என்று தெரிந்தால் கஸ்டமர்கள் ஒன்பதை என்ன, சுவரையே அழுத்துவார்கள். ஊரில் உள்ள ரிப்பேர் மெஷின் அத்தனையும் டெலிபோன்காரர் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

"சொல்லுங்க, பாட்டைப் பத்தித்தானே?" என்று ஆவலாக எடுப்பார்.

"பாட்டா? சார், என் மெஷின் கிச்சன்ல இருந்து கிளம்பி ஹாலுக்கு வந்துடுச்சு."

"சரி சரி. டிரம்ஸ் எப்படி இருந்தது?"

"டிரம்தான் சார் ஆடுது! அதனாலதான் மெஷினே நடக்குது!"

மூன்று நாளில் அவருக்கு வாஷிங் மெஷினில் இருக்கிற அத்தனை ரிப்பேரும் அத்துப்படி ஆகிவிட்டது. ரசிகர் மட்டும் வரவில்லை. மூன்றாம் லைன் விளக்கு தினமும் ஒரு மணிக்குக் கண்ணைத் திறந்து, உடனே மூடிக்கொண்டது. இருந்த ஒரே ஒரு ரசிகரும் கைநழுவிப் போகிறார். சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில், இனி மூடி மறைத்துப் பயனில்லை என்று மனதில் இருந்ததை அப்படியே மைக்கில் கொட்டினார்.

'தினமும் மதியம் அழைக்கும் அன்பரே! எங்கே போனீர்கள்? உங்களைக் காணாமல் இந்தப் பாட்டு ஏங்குகிறது. மனம் இரங்கித் தொடர்பு கொள்ளுங்கள்.'

ரசிகர் தொடர்பு கொள்ளவில்லை. முதலாளி தொடர்பு கொண்டார்.

முதலாளிக்கு ஒரு பழக்கம். அவ்வப்போது கஸ்டமர் மாதிரி கம்பெனிக்குப் போன் செய்து, வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பார். அன்று மதியம் வீட்டிலிருந்து மூன்றை அழுத்தியிருக்கிறார்.

"ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன்" என்றார் முதலாளி. அவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மேனேஜர் சுவரோரமாக நின்றார், டெலிபோன்காரர் மேனேஜரின் ஓரமாக நின்றார். "பக்கத்துல என் சம்சாரம் சாப்பிட்டுக்கிட்டிருந்தா. 'தினமும் மத்தியானம் நீங்க யாருக்கு போன் பண்றீங்க?'ன்னு கேட்டா. 'இல்லம்மா, ஏங்கறது பாட்டு'ன்னேன். நம்பல."

"சார், அது வந்து..."

"பேச்சை இப்பவே எடுங்க. இந்த நிமிஷம்."

"எடுத்துடறேன் சார். பாட்டு?"

"அதையும்தான். எவன்யா வாஷிங் மெஷின் கம்பெனிக்குப் போன் போட்டு பாட்டு கேப்பான்?"

டெலிபோன்காரருக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ. "ஒருத்தர் கேக்கறார் சார்" என்றார். தலை நிமிர்ந்திருந்தது. "முழுசா கேக்கறார். மௌனத்தையும் சேர்த்து. இந்த ஊர்லயே அப்படி ஒருத்தர் இருக்கார் சார்."

முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அப்ப அந்த ஆளைக் காட்டுங்க. இஷ்டப்பட்டு கேக்கற ஒரே ஒரு ஆள். மேனேஜர் கூட வந்து கண்ணால பாக்கட்டும். இருந்தா, பாட்டு இருக்கட்டும். இல்லன்னா நாளைக்கு சாயங்காலம் பழைய டிங் டிங்."

அன்று வீட்டில் அவர் தட்டை எடுக்கக்கூட இல்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து நடந்ததை ஒன்று விடாமல் மனைவியிடம் சொன்னார். "நாளையோட முடிஞ்சுது. அந்த ரசிகர் கிடைக்கப் போறதும் இல்ல. பாட்டு போச்சு."

"பேச்சு?" என்றாள் மனைவி.

"அதை இன்னிக்கே எடுத்தாச்சு. இப்ப வெறும் பாட்டுதான் ஓடுது, மொட்டையா."

"அப்படியா?" என்றாள் அவள். என்ன நினைத்தாளோ, எழுந்து போய் அவருக்குப் பிடித்த மாதிரி காப்பி போட்டு எடுத்துவந்து கையில் கொடுத்தாள். அனுதாபம் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் அம்மாவே இரக்கப்பட்டு அந்த நம்பருக்கு விடாமல் அடித்துப் பார்த்தார். ஒருவழியாக யாரோ வாட்ச்மேன் எடுத்தார். "பழைய தியேட்டருக்குப் பின்பக்கத் தெருவாம். பச்சை கேட் போட்ட கிடங்காம். அதுக்கு மேல அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியல, வெச்சுட்டாரு" என்று துண்டுச் சீட்டில் குறித்துக் கொடுத்தார்.

மதியம் மேனேஜருடைய ஸ்கூட்டரில் இரண்டு பேரும் கிளம்பினார்கள். பின்னால் உட்கார்ந்த டெலிபோன்காரர் அன்று இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார்.

"ஆள் எப்படி இருப்பாருன்னு நெனைக்கறீங்க?" என்றார் மேனேஜர்.

"வயசானவரா இருக்கணும் சார். ஒருகாலத்துல அந்தக் குழுவை நேர்லயே பாத்தவராக்கூட இருக்கலாம். காதுலயே தெரியுதே, தரம்."

பச்சை கேட் திறந்திருந்தது. உள்ளே கூரைவரை அட்டைப் பெட்டிகள். மருந்து வாசனை மூக்கில் ஏறியது. மணிக்கட்டில் பேக்கிங் டேப்பை வளையல் மாதிரி மாட்டிக்கொண்ட ஒரு பெண், கையில் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு அறை வாசலில் நின்றிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

"லோடு எடுக்க வந்தீங்களா? பேசாம நில்லுங்க. ஒரு வாரம் கழிச்சு இன்னிக்குத்தான் சுத்தமா வந்திருக்கு" என்று கிசுகிசுத்தாள்.

அறைக்குள்ளிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது.

மேஜைமேல் ஒரு பழைய போன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். ஸ்பீக்கர் என்னவோ கரகரதான். ஆனால் பேஸ் கிடார் தனியாக நடந்து வந்ததையும், பாடகர் தொண்டையைச் செருமாமல் அப்படியே கரகரத்த குரலில் ஆரம்பித்ததையும் மறைக்க அந்தக் கரகரப்பால் முடியவில்லை. மேஜையைச் சுற்றி நாலைந்து பெண்கள் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு, மெல்லுகிற சத்தம்கூடக் கேட்காமல் மென்றுகொண்டிருந்தார்கள். வாசலுக்கு முதுகைக் காட்டியபடி நடுவில் ஒருத்தி.

ஒரு ஆள் என்று தேடி வந்தால் ஒரு சபையே இருந்தது! டெலிபோன்காரர் மேனேஜரின் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

பிறகுதான் அந்த நடுநாற்காலியில் தொங்கிய நீலப் பையைப் பார்த்தார். எங்கோ பார்த்த பை. அந்தப் பையின் அறுந்த வாரை ஒயர் சுற்றி ஒட்டவைத்தது யார்? அவர்தான்.

மனைவி ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள் என்று அவருக்குத் தெரியும். மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட கட்டடம். தினமும் காலையில் வாசல்வரை கொண்டுபோய் விடுகிறவர்தான். ஆனால் வண்டியை நிறுத்தும்போது எப்போதும் எதையாவது பாதியில் சொல்லிக்கொண்டிருப்பார். கட்டடத்துக்குப் பின்பக்கம் ஒன்று உண்டு, அது இந்தத் தெருவில் திறக்கிறது என்பதெல்லாம் அவர் கவனத்துக்கு வந்ததே இல்லை.

மௌனம் வந்தது.

அறையில் யாரும் 'ஹலோ' என்று சொல்லவில்லை. மெல்லுவதையும் நிறுத்திவிட்டார்கள். மேலே ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும். இத்தனை வருஷமாக அவர் பாதுகாத்துவந்த அதே மௌனம்தான். ஆனால் அது இவ்வளவு நீளமானது என்பது அவருக்கு நினைவில்லை. இவ்வளவு அழகானது என்பதும்தான். அவர் மனைவி கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரலை மேஜைக்கு மேலே தூக்கி வைத்துக் காத்திருந்தாள்.

விரல் இறங்கியது. அதே நொடியில், ஒரு மயிரிழை முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை, டிரம்ஸ் ஆரம்பித்தது.

டெலிபோன்காரர் உலகமெல்லாம் தேடிய ரசிகர் தினமும் அவருடைய சட்டையைத்தான் மடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த நாலு பேரே வந்து உட்கார்ந்தாலும் அந்த விரல் மாதிரி இடம் பார்த்து இறங்க முடியுமா? 'என் பெண்டாட்டி!' என்று அந்தக் கிடங்கின் கூரைமேல் ஏறி நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. பெருமையில் இஸ்திரிச் சட்டையின் மேல் பட்டன் இறுகியது.

கிடார் படியேற ஆரம்பித்தது. மேனேஜரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்கே தெரியாமல் கால் தாளம் போட்டது.

"நான் ஒத்துக்கறேன்" என்று டெலிபோன்காரரின் காதில் கிசுகிசுத்தார். "கண்ணால பாத்துட்டேன். முதலாளிகிட்ட நானே பேசறேன். பாட்டு இருக்கட்டும்."

"ரொம்ப நன்றி சார்."

"நல்ல பாட்டுதான்யா. ஆமா, நடுவுல அந்த மௌனம் ஏன் வருது?"

அதுதான் மேனேஜர் செய்த தப்பு.

"நல்லா கேட்டீங்க சார்!" டெலிபோன்காரர் தன்னை மறந்தார், இடத்தை மறந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு மனிதன் தானாக வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. "அங்கதான் விஷயமே இருக்கு. இப்ப கேக்கறீங்களே கிடார், இது ஏன் இப்படி ஏறுதுன்னா, முதல்ல பாடகருக்கும் இவருக்கும்..."

வாசலில் நின்ற பேக்கிங் பெண் அந்தக் குரலைக் கேட்டதும் துள்ளித் திரும்பினாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். கையிலிருந்த டப்பா ஆட, அறைக்குள் பார்த்து அலறினாள்.

"அக்கா! வீட்டுல ஒரு நாள்கூட இந்தப் பாட்டை முழுசா கேக்க விடாம பேசிக்கிட்டே இருப்பாருன்னுதானே இங்க வந்து கேக்கறீங்க? அப்புறம் போனுக்குள்ளயும் வந்து பேசினாரே, அந்த மனுஷன் இப்ப நேர்லயே வந்துட்டாரு!"